அம்மாவுக்கும் ஒரு நோட்டு கொடுங்க

கோவம் வந்த கதையை முதல்ல சொல்லிடறேன். சந்தோஷப்பட்ட கதை கொஞ்சம் நீளம்.

வாட்ஸப்புல ஒரு நோட்டீஸ் சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம பாண்டியிலதான், ஒரு கோடைகால முகாம். (பேரு வேணாம்.) ரோபோ, அபாகஸ், ஓவியம், கையெழுத்துன்னு எல்லாம் இருக்கு. ஃபீஸும் நல்லாவே இருக்கு. கடைசியில பொடி எழுத்துல ஒரு வரி. குழந்தையை கேட்டுல விட்டுட்டுப் போயிடணுமாம், முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போகணுமாம், பெத்தவங்களுக்கு உள்ள அனுமதி இல்லையாம்.

பெத்தவங்கன்னு பொதுவா போட்டுட்டாங்க. கேட்டுல யாரு வந்து நிப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா?

காலையில எழுந்து இட்லி ஊத்தி, டப்பா கட்டி, தண்ணி பாட்டில்ல பேரு எழுதி ஒட்டி, ஸ்கூட்டியில கொண்டாந்து விடறது அம்மா. உச்சி வெயில்ல திரும்ப வந்து நிக்கறதும் அம்மா. நடுவுல உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாம போறதும் அவங்களுக்குத்தான்.

"இன்னிக்கு என்னடா கத்துக்கிட்டே?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவ்ளோதான். கொடுத்த காசுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த படிப்பு அது.

சரி, கோவம் போதும். இப்ப சந்தோஷத்துக்கு வரேன்.

2024 ஏப்ரல்ல வைத்திக்குப்பம் பக்கத்துல ஒரு சமுதாயக் கூடத்துல முகாம் நடந்துச்சு. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தரும், காலேஜ் பொண்ணுங்க கொஞ்ச பேரும் சேர்ந்து நடத்தினாங்க. ஃபீஸ் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. குழந்தை தனியா வரக்கூடாது, அம்மாவும் வந்து உக்காரணும். அம்மாவால முடியலன்னா பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது. (அப்பாங்களையும் வரச் சொன்னாங்க. வந்தவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். அதைப் பத்தி எழுதினா இந்தப் பதிவு வேற பக்கம் போயிடும்.)

நான் என் பொண்ணோட போனேன். கூடத்துல பாய் விரிச்சிருந்தாங்க. ஓரமா நாற்காலி போட்டு "அம்மாக்கள் இங்க"ன்னு உக்கார வைக்கல. எல்லாரும் பாய்லதான். எல்லாருக்கும் ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

எங்க தெருவுல வீட்டு வேலை செய்யற ஒரு அக்கா வந்திருந்தாங்க. நோட்டை வாங்கி நேரா பையன் கையில கொடுத்தாங்க. "அவனுக்குத் தனியா இருக்குக்கா, இது உங்களுக்கு"ன்னு அந்தக் காலேஜ் பொண்ணு சொன்னதும், ஒரு நிமிஷம் அட்டையைத் தடவிப் பாத்துட்டு, முதல் பக்கத்துல தன் பேரை எழுதினாங்க. மறுநாள் அந்தப் பையன் ரஃப் நோட்டுக்கு அதுலேருந்து ரெண்டு தாள் கேட்டான். "என் நோட்டுல கை வைக்காத"ன்னாங்க பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

அங்க எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு. முதல் ஒரு மணி நேரம் அம்மாவும் அவங்க சொந்தப் புள்ளையும் ஒரே வட்டத்துல உக்காரக் கூடாது. என் பொண்ணு இன்னொரு அம்மாவோட. என் கூட வேற யாரோ வீட்டுப் பையன்.

காரணம் கேட்கவே வேணாம், நம்ம வீட்டுலயே தெரியும். சொந்தப் புள்ளை பக்கத்துல உக்காந்தா அம்மா வாய் சும்மா இருக்காது. "நிமிர்ந்து உக்காரு, எழுத்து கோணுது, அந்தப் பொண்ணு முடிச்சிட்டா பாரு." புள்ளையும் சும்மா இருக்காது. "உனக்கு இதுகூடத் தெரியாதாம்மா?" ரெண்டு பேரும் கத்துக்கறதை விட்டுட்டு ஒருத்தரை ஒருத்தர் மேய்க்க ஆரம்பிச்சிடுவாங்க. அடுத்தவங்க புள்ளைகிட்ட நாம எவ்ளோ பொறுமையா பேசறோம்! அந்தப் பொறுமையை அங்க பழகிட்டு, அப்புறம் நம்ம புள்ளைகிட்ட வரணும். அதுதான் அவங்க கணக்கு.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல 1980கள்லயே கிட்டத்தட்ட இதே யோசனை இருந்திருக்கு. ஷேரன் டார்லிங்னு ஒரு அம்மா. படிப்பைப் பாதியில விட்ட தாய்மாரையும், பள்ளிக்கூடம் போற வயசு வராத அவங்க குழந்தைகளையும் ஒரே கட்டடத்துக்கு வரவச்சாங்க. இவங்களுக்கு ஒரு அறை, அவங்களுக்கு ஒரு அறை. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடிப் படிக்கறதுக்குன்னு தனியா ஒரு நேரம். 1989-ல இதுக்குன்னே லூயிவில் ஊர்ல ஒரு தேசிய மையம் தொடங்கினாங்க. நம்ம வாத்தியாருக்கு இது தெரியுமான்னு கேட்டேன். "எனக்கு அம்மாங்களைத் தெரியும்மா, அது போதும்"ன்னுட்டார்.

பாடம் எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? "வீட்டுல ஸ்கேல் இல்லாம, தராசு இல்லாம, எதை எதை அளப்பீங்க?" அவ்ளோதான் கேள்வி. புள்ளைங்க முழிச்சுதுங்க. அம்மாங்க பொரிஞ்சு தள்ளிட்டாங்க. படி, ஆழாக்கு, சிட்டிகை, சாண், முழம். சோத்துக்குத் தண்ணி விரல் கணு கணக்கு. புள்ளைங்கதான் எழுதணும், அம்மாங்க சொல்லணும். பக்கம் நிரம்பிடுச்சு.

முழம்னு சொன்னது பூ கட்டி விக்கற ஒரு அக்கா. உடனே பக்கத்துல இருந்த பாட்டி, "உன் முழம் வேற, என் முழம் வேற"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. சண்டை வரும்போல இருந்துச்சு. வாத்தியார் ஒண்ணும் சொல்லல, டேப்பை எடுத்து புள்ளைங்க கையில கொடுத்தார். முழங்கையிலேருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒவ்வொரு அம்மாவுக்கும் அளந்து சார்ட்டுல எழுதணும்.

பாட்டிக்கு 40 சென்டிமீட்டர். கூடத்துலயே உயரமான ஒரு அம்மாவுக்கு 45.

நாலாவது படிக்கற ஒரு வாண்டு அங்கேயே கணக்கு போட்டுச்சு. ஒரு முழத்துக்கு 5 சென்டிமீட்டர் குறையுது, பத்து முழத்துக்கு 50 குறையுது. "அய்யய்யோ, பத்து முழம் வாங்கினா ஒரு முழத்துக்கு மேலயே காணாம போகுது!" கூடமே சிரிச்சுது. பூக்கார அக்கா அசரவே இல்ல. "அதான் கை நீளமா இருக்கறவகிட்ட வாங்கணும்கறது, என்கிட்ட வாங்க"ன்னாங்க.

அப்பதான் வாத்தியார் மீட்டர் கதையை எடுத்தார். ஒரு காலத்துல பிரான்ஸ்லயும் இதே பாட்டி சண்டைதான், ஊருக்கு ஊர் வேற அளவு. புரட்சி நடந்த காலத்துல அதுக்கு ஒரு முடிவு கட்டினாங்க. வட துருவத்துலேருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு கோடியா பங்கு போட்டா வர ஒரு பங்குதான் மீட்டர், அப்படின்னு 1795-ல சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டுல மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல. "பிரெஞ்சுக்காரன் நம்ம ஊருக்கு வீதியும் சிலையும் மட்டுமா விட்டுட்டுப் போனான், டேப்புல இருக்கற இந்தக் கோடும் அவன் போட்டதுதான்"ன்னார். நான் ஸ்கூல்ல படிச்ச காலத்துல யாராவது இப்படிச் சொல்லியிருந்தா, கணக்கு மேல எனக்கு அப்பவே ஆசை வந்திருக்கும்.

இதுக்கப்புறம்தான் அன்னிக்கு நடந்ததிலேயே பெரிய விஷயம்.

குப்பத்துலேருந்து வந்த ஒரு அக்கா, அதுவரைக்கும் வாயே திறக்காதவங்க, மெதுவா சொன்னாங்க. "கடல்ல ஆழம் பாக்கறதுக்கு எங்க வீட்டுல பாகம்னு சொல்லுவாங்க." எப்படின்னு வாத்தியார் கேட்டார். அந்த அக்கா எழுந்து நின்னு, ரெண்டு கையையும் அகலமா விரிச்சுக் காட்டினாங்க. கயித்துல கனமா ஒண்ணைக் கட்டி இறக்கி, மேல இழுக்கறப்ப இப்படி ரெண்டு கை விரிப்பா எண்ணுவாங்களாம். இந்தக் கை நுனியிலேருந்து அந்தக் கை நுனி வரைக்கும் ஒரு பாகம்.

வாத்தியார் கண்ணு மின்னுச்சு. "எல்லாரும் சுவர்கிட்ட வாங்க!"

சாக்பீஸ் எடுத்து ஒவ்வொருத்தருக்கும் உயரத்தைக் கோடு போட்டாங்க. அப்புறம் கையை விரிக்கச் சொல்லி நுனிக்கு நுனி அளந்தாங்க. உயரம் எவ்ளோவோ கிட்டத்தட்ட அதே அளவுதான் கை விரிப்பும்! சிலருக்கு ஒரு விரக்கடை கூட, சிலருக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒண்ணாம் வகுப்புப் பாப்பாவுக்கும் பாட்டிக்கும் அதே கதை. புள்ளைங்க நம்பாம திரும்பத் திரும்ப அளந்து பாத்துதுங்க. வெள்ளைக்காரன் கப்பல்ல ஃபாதம்னு ஆறடியா வச்சிருந்த அளவும் இதே ரெண்டு கை விரிப்புதான்னு வாத்தியார் சொன்னார்.

அந்த அக்காவோட பையன் வேற வட்டத்துல இருந்தான். ஓடி வந்து, "ம்மா, அப்பா வலை போடற இடத்துல எத்தனை பாகம் இருக்கும்?"னு கேட்டான். அவங்க சொல்லச் சொல்ல அவன் ஆறால பெருக்கி அடியாக்கிக்கிட்டே வந்தான். அம்மாகிட்ட பாடத்துல சந்தேகம் கேக்கற புள்ளையை நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இப்ப நம்ம ஊர்ல நிலைமை அப்படி.

2023-24-லேருந்து பாண்டிச்சேரி அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இக்கு மாத்தினாங்க. அது நல்லதா கெட்டதான்னு இங்க விவாதம் பண்ணல. வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்றேன். தமிழ் மீடியத்துல பத்தாவது படிச்ச அம்மா, நேத்து வரைக்கும் புள்ளை பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப புத்தகத்தைப் பிரிச்சா முதல் பாராவுலயே நின்னுடறாங்க. விஷயம் தெரியாம இல்ல. இலையில எப்படி உணவு தயாராகுதுன்னு அவங்களுக்குத் தமிழ்ல அழகா சொல்ல வரும். புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கறதுலதான் சிக்கல். உடனே டியூஷன். அம்மா அடுப்படிக்குப் போயிடறாங்க. கொஞ்ச நாள்ல புள்ளையே முடிவு பண்ணிடுது, படிப்புல அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.

எனக்கு இதுதான் தாங்கல. டியூஷன் ஃபீஸைக்கூட எப்படியோ கட்டிடறோம். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்கற நினைப்பு ஒரு குழந்தை மனசுல விழுந்துட்டா அதை எந்த ஃபீஸ் கட்டி எடுக்கறது?

அதனாலதான் அந்தப் பாகம் கணக்கு எனக்கு அவ்ளோ பெருசாத் தெரிஞ்சுது.

இன்னொரு நாள் தீக்குச்சி விளையாட்டு. சைக்கிள் கடையில கிடைக்கற வால்வு டியூபைத் துண்டு துண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் தீக்குச்சி சொருகி முக்கோணம், சதுரம் செய்யறது. இது அரவிந்த் குப்தா பிரபலமாக்கினது. ஐஐடியில படிச்சுட்டு, 1978 வாக்குல மத்தியப் பிரதேசத்துல ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்துல வேலை பாத்தப்ப கண்டுபுடிச்சார். 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. சதுரத்தை அமுக்கினா சாயுது, முக்கோணம் அசையல. ஏன்னு கேட்டா கீத்துப் பந்தல் போடற வீட்டு அம்மா ஒருத்தங்க, "குறுக்கே ஒரு கம்பு வச்சுக் கட்டலன்னா காத்துக்கு நிக்காதே"ன்னாங்க. அவ்ளோதான் பாடம், முடிஞ்சுது.

ஏப்ரல் 21 ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமைதான் எலெக்‌ஷன் முடிஞ்சிருந்துச்சு. எல்லா அம்மா கையிலயும் மை அப்படியே இருந்துச்சு. பதினொன்றரைக்கெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிட்டோம். கால் சுடாம இருக்க சாக்கை நனைச்சுப் போட்டிருந்தாங்க. அன்னிக்கு நிழல் இல்லாத நாள்.

"தினமும் மதியம் சூரியன் தலைக்கு மேலதானே வரும்?"னு ஒரு அம்மா கேட்டாங்க. நம்ம எல்லாருக்கும் அப்படித்தான் நினைப்பு. உண்மையில நேர் உச்சிக்கு வரது வருஷத்துல ரெண்டே நாள்தான். பூமி இருபத்தி மூன்றரை டிகிரி சாய்ஞ்சு சுத்தறதால, சூரியன் உச்சிக்கு வர இடம் வடக்கேயும் தெக்கேயும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். டிசம்பர்லேருந்து வடக்கே ஏறி வரப்ப ஒரு நாள் நம்மைத் தாண்டும், ஜூனுக்கு அப்புறம் இறங்கறப்ப இன்னொரு நாள் தாண்டும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்குல. நாம கிட்டத்தட்ட 12 டிகிரியில இருக்கோம், நமக்கு 21. சென்னைக்கு அதுலேருந்து மூணு நாள் கழிச்சு. டெல்லியில இருக்கறவங்களுக்கு இந்த நாள் வரவே வராது. கடக ரேகைக்கு வடக்கே போயிட்டா சூரியன் நேர் உச்சிக்கு வரதே இல்ல. (இதைக் கேட்டதும் புள்ளைங்களுக்கு ஒரே பெருமை!)

பிவிசி பைப் துண்டு, எண்ணெய் பாட்டில், மார்க்கர் பேனான்னு ஆளுக்கு ஒண்ணை நிக்க வச்சாங்க. ஒரு அக்கா காபி குடிச்ச எவர்சில்வர் டம்ளரை வச்சாங்க. 12 மணி 5 நிமிஷத்துக்கெல்லாம் நிழல் நூல் மாதிரி ஆயிடுச்சு. 12:09. பைப்போட நிழல் காணோம்! பேனாவோட நிழல் காணோம்! புள்ளைங்க குதிக்குதுங்க.

டம்ளருக்கு மட்டும் நிழல் போகல.

அடியைச் சுத்தி வளையல் கணக்கா ஒரு கறுப்பு வட்டம், எல்லாப் பக்கமும் ஒரே அகலத்துல. அந்த அக்கா முகம் வாடிடுச்சு. "என்னுது மட்டும் ஏன் வரல?" வாத்தியார் பதில் சொல்லல. அவர்கிட்ட எனக்குப் புடிச்சதே அதுதான். அக்கா குத்துக்காலிட்டு உக்காந்து உத்துப் பாத்தாங்க. வாய்ப் பக்கம் விரலை வச்சாங்க, அடிப் பக்கம் வச்சாங்க. சட்டுன்னு டம்ளரை எடுத்துக் கவுத்து வச்சாங்க.

நிழல் போயிடுச்சு.

"வாய் அகலம்ல, அதான் அது நிழல் கீழ விழுது. கவுத்தா அகலம் கீழ போயிடுது." எட்டாவதோட படிப்பை நிறுத்தினவங்க அவங்க. அந்த மாடியில இருந்த யாரும் அதை அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. அவங்க பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அம்மா ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டு, யோசிச்சு, கையால செஞ்சு பாத்து, விடையைப் புடிக்கறதை அந்தப் பொண்ணு முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் பாத்தா. அறிவியல்னா என்னன்னு இதைவிட எந்த முகாம்ல சொல்லிக் கொடுத்துட முடியும்?

நான் இந்த விஷயத்துல இவ்ளோ பேசறதுக்கு என் அம்மாவும் ஒரு காரணம். அவங்க அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல தொண்டர். 1990 பிப்ரவரியில கேரளாவுல எர்ணாகுளத்தை நாட்டோட முதல் முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சாங்க. அந்த அலைதான் நம்ம பாண்டிக்கும் வந்துச்சு. சாயங்காலம் ஆனா அரிக்கேன் விளக்கும் கரும்பலகையும் எடுத்துக்கிட்டு அம்மா கிளம்புவாங்க. என்னை விட்டுட்டுப் போக ஆள் இல்ல, அதனால நானும் போவேன். படிக்க வர பெண்களும் அப்படித்தான், இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கறப்ப, ஸ்கூல் போற புள்ளை எட்டிப் பாத்து அடுத்த எழுத்தைச் சொல்லும். யாரும் திட்டம் போட்டு அம்மாவையும் புள்ளையையும் சேர்த்து உக்கார வைக்கல. விட்டுட்டு வர இடம் இல்லாததால அமைஞ்சது அது. (கொஞ்ச நாள்ல புதுக்கோட்டையில ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அதே அறிவொளியில ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அது தனிப் பதிவு போட வேண்டிய சமாசாரம்.)

1991 சென்சஸ்ல புதுச்சேரி பெண்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 65 சதவீதம் சொச்சம். 2011-ல 80ஐத் தாண்டியாச்சு. அந்த விளக்கு வெளிச்சத்துல உக்காந்த பெண்களும், அவங்க மடியில இருந்த பொண்ணுங்களும் இந்தக் கணக்குல இருக்காங்க.

"இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, பலன் இருக்கா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பீகார்லயும் ராஜஸ்தான்லயும் பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்போட சேர்ந்து ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெர்ரி, மார்க் ஷாட்லண்ட் மூணு பேரும் ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. சில ஊர்ல அம்மாங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு மட்டும். சில ஊர்ல, புள்ளையோட வீட்டுல சேர்ந்து செய்ய பயிற்சித் தாள் மட்டும். சில ஊர்ல ரெண்டும். குழந்தைங்க மார்க்குல பெரிய பாய்ச்சல் ஒண்ணும் வரல, கொஞ்சம்தான் கூடுச்சு. ஆனா ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த இடத்துலதான் அதிகமா கூடுச்சு. துருக்கியில இன்னும் நீளமான கதை. 1982-ல இஸ்தான்புல்ல ஏழைக் குடும்பத்து அம்மாங்களுக்கு, குழந்தையோட வீட்டுலயே உக்காந்து செய்யப் பயிற்சி கொடுத்தாங்க. 22 வருஷம் கழிச்சு அந்தக் குழந்தைங்களைத் தேடிப் புடிச்சுப் பாத்தா, அதிக வருஷம் படிச்சு, நல்ல வேலையில இருந்தாங்க. 22 வருஷம் பொறுத்துப் பாக்கற மனசு நமக்கு வேணும். நாம அடுத்த மாசமே ரேங்க் கார்டைப் புடுங்கிப் பாக்கறோம்.

முகாம் நடத்தற நல்ல உள்ளங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நேரம், நேரம், நேரம்! காலை பத்து மணிக்கு வெச்சா எந்த அம்மா வருவாங்க? வீட்டு வேலைக்குப் போறவங்க பதினொண்ணு, பன்னெண்டுக்குத்தான் திரும்புவாங்க. மீன் விக்கறவங்க அப்பத்தான் கூடையோட அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. இந்த முகாம் சாயங்காலம் நாலு மணிக்கு நடந்துச்சு (நிழல் நாள் மட்டும் மதியம்). கைக்குழந்தையைப் பாத்துக்க ரெண்டு காலேஜ் பொண்ணுங்களைத் தனியா நிறுத்தியிருந்தாங்க. ஒரு பாட்டிக்குப் படிக்கக் கண்ணு தெரியலன்னு யாரோ கண்ணாடி கொடுத்தாங்க, அது கடைசி நாள் வரைக்கும் அந்த வட்டத்துல கை மாறிக்கிட்டே இருந்துச்சு. கண்ணாடி இல்லாததாலயே "எனக்குப் படிப்பு வராது"ன்னு சொல்லிக்கிட்டிருந்த பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? முகாமுக்கு பட்ஜெட் போடறப்ப முதல்ல படிக்கற கண்ணாடிக்கு எடுத்து வையுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

இப்ப வேலை. சூரியன் திரும்ப இறங்கி வரப்ப நம்ம ஊருக்கு ரெண்டாவது நிழல் இல்லாத நாள் வருஷா வருஷம் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி வரும், மதியம் 12 மணி 14 நிமிஷம் வாக்குல. பெரும்பாலும் ஸ்கூல் நாள். டீச்சருங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, அன்னிக்கு ஒரு அரை மணி நேரம் கேட்டைத் திறந்து அம்மாங்களை உள்ள விடுங்க. மேகம் போட்டா முந்தின நாளோ மறுநாளோ பாருங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அம்மாங்ககிட்ட வீட்டுலேருந்து ஏதாவது ஒரு பாத்திரம் கொண்டு வரச் சொல்லுங்க. பைப் துண்டு நான் எடுத்துட்டு வரேன். எந்த ஸ்கூல்னு மட்டும் சொல்லுங்க.